பதினாறு சின்னக் கட்டங்கள்

ஈ.சி.ஜி. எடுக்கிறவளுக்கு முதலில் வேண்டியது படிப்பு இல்லை, சூடான உள்ளங்கை. ஜில்லென்ற கையோடு ஒருவர் நெஞ்சைத் தொட்டால் போதும், அதுவரை அறுபதில் ஓடிக்கொண்டிருந்த இதயம் நூறுக்குத் தாவிவிடும். அந்தக் காகிதத்தைப் பார்த்து டாக்டர் என்னைத் திட்டுவார், நான் மிஷினைத் திட்டுவேன், படுத்திருக்கிறவர் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று குலதெய்வத்தைக் கூப்பிடுவார்.

கையில் பிபி பட்டையைச் சுற்றும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஆளா நீங்கள்? ஊசியைக் கண்டால் காது அடைக்குமா? வெட்கப்படாதீர்கள். திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையில், ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷம் உங்களைப் போன்றவர்களைத்தான் படுக்கவைத்து எழுப்பினேன். சித்தூர், புத்தூர், சத்தியவேடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் குவைத்துக்கு வீட்டுவேலைக்கும் டிரைவர் வேலைக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னைக்குப் பெரிய மெடிக்கலுக்கு அனுப்பும் முன்பு ஏஜென்ட்டுகள் அவர்களை எங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் சரியில்லை என்று எழுதினால் பயணம் அதோடு நின்றது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்த நான், என் நைனாவின் நெஞ்சைப் பற்றிச் சொன்ன ஒரு காகிதத்தை ஆறு வருஷம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். அந்தத் தப்பு எனக்குத் தெரிந்தபோது அவரைக் காப்பாற்ற நேரம் இருந்ததா என்பதுதான் இதில் உள்ள விஷயம். மற்றதெல்லாம் நான் அதைக் கற்றுக்கொண்ட வழி.

முதல் காகிதம்

சித்தூரில் ஆறு மாதம் பயிற்சி. கடைசி வாரம், ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவந்து அவர்கள் மேல் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். மற்ற பெண்கள் தம்பியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிவந்தார்கள். நான் எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து நைனாவைக் கூட்டிவந்தேன். அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியும் லாரியில் லோடு ஏற்றியும் என்னைப் படிக்கவைத்தவர். ரொம்ப நாள் கழித்துத்தான் சொந்தமாக ஒரு ஏக்கர் கிடைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட ஆரம்பித்திருந்தார். எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், வேலை வந்தால் மறப்பார்.

கட்டம் போட்ட அந்த இளஞ்சிவப்புக் காகிதத்தில் மற்றவர்களின் துடிப்புகள் கொஞ்சம் நெருங்கியும் கொஞ்சம் விலகியும் வந்தன. நைனாவுடையது அப்படி இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாகப் பதினாறு சின்னக் கட்டங்கள். பதினைந்தும் இல்லை, பதினேழும் இல்லை. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். வகுப்பிலேயே அழகான காகிதம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை வெட்டி என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நைனாவுக்கும் பெருமை தாங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒழைக்கிற நெஞ்சும்மா அது. இதுக்கெல்லாம் அலட்டிக்காது."

பாகாலா வண்டி

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு திங்கட்கிழமை. பாகாலாவிலிருந்து காலை ரயிலில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். ஏழு பேருக்கும் ரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு மேலே. முதல் ஆளுக்கு வந்தபோது ‘பாவம்’ என்றேன். நாலாவது ஆளுக்கு வந்தபோது பட்டையை மாற்றினேன். ஏழாவது ஆளுக்கும் அதே கதை என்றதும் எனக்கே மயக்கம் வரும்போல இருந்தது. எங்கள் டாக்டர் வசுந்தரா தெலுங்குக்காரர். எங்களோடு தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். "ஏமம்மா இதி?" என்று என்னைப் பார்த்தார். என்னம்மா இது என்று அவர் கேட்டால் தப்பு என்னுடையது என்று அர்த்தம்.

வராந்தாவில் ஆறு பேர் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் மட்டும் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார். ரத்தம், சிறுநீர் எடுக்கிற சுஜாதா வந்து ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்ததும் வரிசை என்பதே இல்லாமல் கழிவறைக்கு ஓடினார்கள். திரும்பி வந்தவர்களுக்கு எதற்கும் பார்ப்போமே என்று மறுபடி பட்டையைச் சுற்றினேன். நூற்று முப்பது. நூற்று இருபத்தாறு. நூற்றிருபது. அன்றைக்கு எனக்கு வந்த அதிர்ச்சியைச் சொல்லி முடியாது. சிறுநீர்ப்பை உப்பினால் ரத்தக் குழாய் எதற்காக இறுக வேண்டும்? நம்மைக் கேட்காமல் வேலை செய்கிற நரம்புகள் உடம்பு முழுக்க ஓடுகின்றன, அதற்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பேர், அதில் பரிவு நரம்பு என்கிற ஒரு கூட்டம் பை நிறைந்தாலும் சரி, பயம் வந்தாலும் சரி, குழாயை இறுக்கி இதயத்தை விரட்டும் என்று டாக்டர் சொன்னார். ஏழு பேரில் மூத்தவர், இன்னும் நிம்மதிப் பெருமூச்சு அடங்காமல், விவரம் சொன்னார்: "‘பாட்டிலு நெறைய குடுக்கலன்னா சென்னைக்கே அனுப்ப மாட்டேன்’னு ஏஜென்ட்டு சொல்லிட்டாரு மேடம், அதான் விடிகாத்தால இருந்து அடக்கிக்கினு வந்துகீறோம்."

மலையிலிருந்து நேராக

செல்வி எங்கள் ஊர்க்காரி. வயசு முப்பத்திரண்டு. குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. மெடிக்கலில் தேறினால் நடந்து மலை ஏறுகிறேன் என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். இவள் ஒருபடி மேலே போய், முதலில் ஏறிவிடுவோம், பெருமாளால் அப்புறம் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அலிபிரியில் ஏறி, தரிசனம் முடித்து, அதே படியில் இறங்கி, வெறுங்காலோடு நேராக என் அறைக்கு வந்து நின்றாள். நாடி நூற்று இருபத்தெட்டு. விரல் நடுக்கத்தில் கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை.

"உனக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டேன். ஊர்க்காரி என்றால் நமக்குக் கோபம் கொஞ்சம் தாராளமாக வரும் இல்லையா. போர்வையைப் போர்த்தி, "அப்படியே படு, வாயைத் திறக்காதே" என்றேன். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். அரைமணி நேரம் கழித்துப் போனால் அவள் வயிறு வெளியே வரைக்கும் கேட்கிற மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறது, நாடி எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. விரட்டுகிற நரம்பு கையை எடுத்ததும் அடக்குகிற நரம்பு வேலையை எடுத்துக்கொண்டது என்றார் டாக்டர். எதிர்ப்பரிவு நரம்பு என்று அதற்குப் பேர். இதயத்தை உட்காரச் சொல்லும், நின்றுபோன குடலை நடக்கச் சொல்லும். எழுப்பி ஈ.சி.ஜி. எடுத்தேன், தேறிவிட்டாள். ‘இனிமேல் இப்படிச் செய்யாதே, வழியிலேயே விழுந்திருந்தால்?’ என்று நான் மறுபடி ஆரம்பித்தபோது செல்வி அசரவில்லை: "ஏறும்போது அவன் பாத்துக்குவான்னு ஏறிட்டேன். எறங்கி வந்துட்டேன் இல்ல, இனிமே நீ பாத்துக்கோ."

ஏ.சி. வந்த வாரம்

நிலையத்துக்கு ஏ.சி. வந்தது எங்களுக்குத் திருவிழா. திருப்பதி வெயிலில் பத்துக்குப் பத்து அறையில் வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். அன்றிலிருந்து எல்லோருடைய காகிதமும் புழு நெளிந்த மாதிரி வர ஆரம்பித்தது. மிஷினுக்கு எர்த் சரியில்லை என்று சென்னையிலிருந்து ஆள் வந்து ரெண்டு நாள் சுவரைக் குடைந்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

மூன்றாவது நாள் புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பட்டையைக் கட்டும்போதுதான் பார்த்தேன், கையில் மயிர் அத்தனையும் குத்திட்டு நிற்கிறது. வெயிலில் பஸ் ஏறி வந்த மனுஷனைச் சட்டையைக் கழற்றி ஏ.சி.க்கு நேர் கீழே படுக்கவைத்தால் தோல் சிலிர்க்காமல் என்ன செய்யும்? அதுவும் அதே நரம்புகளின் வேலைதான். சிலிர்த்தும் சூடு போதவில்லை என்றால் மூளை தசையை நடுங்கவிடும், அந்த நடுக்கம்தான் காகிதத்தில் நெளிந்திருக்கிறது. ஏ.சி.யை நிறுத்தியதும் புழு எல்லாம் ஓடிப்போயிற்று. எர்த்துக்காரர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது புத்தூர்க்காரர் பல் கிட்டிப்போய்க் கேட்டார்: "ஏம்மே, குவைத்துல வேல தர்றேன்னு சொல்லி இன்னா ஐஸ் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறீங்களா?"

கன்னியப்பனின் ரத்தம்

கன்னியப்பனுக்கு நகரியில் ஆட்டுக்கறிக்கடை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குவைத்தில் ஒரு கறிக்கடையிலேயே வேலை. எந்தப் பரீட்சையும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தார். சுஜாதா அவர் கையில் ஊசியைப் போட்டாள். குழாயில் ரத்தம் ஏறுவதை அவர் பார்த்தார். நான் ஈ.சி.ஜி. அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், மனுஷன் முகம் சாம்பல் நிறம், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, அடுத்த நிமிஷம் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். தரை அதிர்ந்தது. சுஜாதா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

நாடியைப் பிடித்தால் நாற்பதுதான். டாக்டர் வந்து நிதானமாக அவர் காலிரண்டையும் தூக்கி என் தோளில் வைத்தார். "அப்படியே பிடிச்சுக்கோ." ரத்தத்தைப் பார்த்ததும் விரட்டுகிற நரம்பு கையை விட்டுவிட்டது, அடக்குகிற நரம்பு ஒரேயடியாக அழுத்திவிட்டது, ரத்தம் எல்லாம் காலில் தங்கி மூளைக்குப் போகவில்லை, அவ்வளவுதான் என்றார். என் தோள் கழன்றுவிடும் என்கிற நேரத்தில் கன்னியப்பன் கண்ணைத் திறந்தார். தினமும் ரத்தத்திலேயே நிற்கிறவருக்கு இது என்ன கூத்து என்று சுஜாதா கேட்க, படுத்த வாக்கிலேயே அவர் சொன்னார்: "அது ஆட்டு ரத்தம் மேடம், என்னுது இல்லியே."

தயிர்சோறு

இதற்கு நடுவில் நைனா என்னைப் பார்க்க ரெண்டு மூன்று தடவை திருப்பதிக்கு வந்தார். வரும்போதெல்லாம் ஒரு பை மல்லாட்டை. ஒருதடவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். சாப்பிடச் சாப்பிட அவர் முகத்திலும் மண்டையிலும் வேர்வை ஊற்றியது. துண்டால் துடைக்கிறார், மறுபடி ஊற்றுகிறது. மேஜைக்குக் கீழே அவர் பாதம் மட்டும் காய்ந்த களிமண் மாதிரி வெடித்துக் கிடந்தது. அந்த மே மாச வெயிலில் பாதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கை கழுவ எழுந்தவர் ஒரு ஆட்டம் ஆடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். ‘வெயில்ல வந்தது, கிறுகிறுங்குது’ என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது எழுதும்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. தினமும் இதே வேலையில் இருக்கிறவள், கன்னியப்பனின் வேர்வையையும் பாகாலாக்காரர்களின் பிபியையும் ஊருக்கெல்லாம் கதையாகச் சொன்னவள், எதிரே உட்கார்ந்திருக்கிற பெற்ற தகப்பனைப் பார்த்து ஆந்திரா மெஸ் காரம் என்று சிரித்தேன். அவர் இலையில் அப்போது இருந்தது தயிர்சோறு. பரிமாறுகிறவரும் என்னைப் போலத்தான், இலையைப் பார்க்காமலே, பெரியவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரக்கப்பட்டார்: "பெத்தாயனகி காரம் படலேதம்மா, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா?"

கோணல் காகிதம்

ஆறாவது வருஷம் சத்தியவேடு பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்று ஒரு டிரைவர் வந்தார். வயசு இருபத்தாறு, கல்யாணமாகி ஒரு வருஷம். அவர் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. துடிப்புகளுக்கு நடுவே இருபது கட்டம், அடுத்தது இருபத்துநாலு, அப்புறம் பத்தொன்பது, மறுபடி இருபத்துமூன்று. ஏற்ற இறக்கம் யாருக்கும் கொஞ்சம் இருக்கும், இவ்வளவு நான் பார்த்ததில்லை. ‘உங்க துடிப்பு ஒழுங்கா இல்லைங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர் சட்டையைப் போடக்கூடத் தோன்றாமல் வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். ஒழுங்கான காகிதம் எப்படி இருக்கும் என்று காட்ட என் நோட்டையும் தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவு நம்பிக்கை. முனிரத்தினத்தின் காகிதத்தைப் பார்த்து டாக்டர் சிரித்தார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்கும், விடும்போது விலகும், அடக்குகிற நரம்பு நல்ல உயிரோடு இருக்கிறது, இதைவிட ஆரோக்கியமான இதயம் வேண்டுமா என்றார். அப்புறம் என் நோட்டைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு துடிப்பாக அளந்தார்.

"ஏமம்மா இதி? எவரிதி?"

யாருடையது என்று கேட்கிறார். எங்க நைனாவோடது என்றேன்.

"ஷுகர் இருக்கா? எத்தனை வருஷமா?"

இப்போது பதினாலு வருஷமாகிறது என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சர்க்கரை நீளமான நரம்புகளைத்தான் முதலில் அரிக்கும், பாதத்துக்குப் போகிற நரம்பையும் இதயத்தை அடக்குகிற நரம்பையும். அந்தக் கடிவாளம் போய்விட்டால் இதயம் மூச்சுக்கு அசையாது, பயத்துக்கு அசையாது, ஒரே வேகத்தில் ஓடும். எழுந்து நின்றால் பிபி விழும், சாப்பிட்டால் முகம் மட்டும் வேர்க்கும். கடைசியாக ஒன்று சொன்னார். மாரடைப்பு வந்தாலும் இவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாய் உலர்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, வயிற்றுக்குள் எல்லாம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. ஆறு வருஷம். பயந்து வருகிறவர்களுக்கெல்லாம் ‘இதைப் பாருங்க, எங்க நைனா எவ்ளோ அமைதியா இருக்காரு’ என்று எடுத்துக்காட்டிய காகிதம். அது அமைதியே இல்லை, அறுந்துபோன கம்பி. முனிரத்தினம் பயந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்: "எனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொல்லினு இருந்தது காதுல உளுந்துச்சு மேடம், நீங்க ஏன் இப்டி வெளுத்துப் போய்ட்டீங்க?"

குடிபாலா பூத்

வீட்டில் போன் இல்லை. ஊரில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் உண்டு, அங்கே கூப்பிட்டால் ஆளை அனுப்பி வரவழைப்பார்கள். டாக்டர் தன் மேஜையிலிருந்தே பண்ணச் சொன்னார். நான் எண்ணை மூன்று தடவை தப்பாகச் சுழற்றினேன். ‘கால் மணி நேரம் கழிச்சுப் பண்ணு’ என்று பூத்துக்காரர் வைத்துவிட்டார். அந்தக் கால் மணி நேரத்தில் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தினார்.

"இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நைனா என்னைக் கேட்டார். உங்களுக்கு நெஞ்சு வலி ஏதாவது உண்டா என்றேன். இல்லவே இல்லை என்றார். நாலு நாளாக மூச்சுதான் கொஞ்சம் வாங்குகிறதாம். மல்லாட்டை மூட்டையைத் தூக்கும்போது வாந்தி வருகிற மாதிரி இருந்ததாம், கொஞ்ச நேரம் குந்திவிட்டு மறுபடி தூக்கினாராம். எத்தனை மூட்டை என்றேன். இருபது என்றார். போனில் கேட்டதை நான் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்ல, டாக்டர் எழுந்து கார் சாவியையும் கையில் தூக்குகிற சின்ன ஈ.சி.ஜி. மிஷினையும் எடுத்துவிட்டார். மூட்டையைத் தொடாதீங்க, வூட்டுக்குப் போய்ப் படுங்க, நாங்க வர்றோம் என்று நான் கத்தினேன். அந்தப் பக்கம் நைனாவுக்குச் சிரிப்பு: "இதுக்குப் போயி போன் பண்ணுவாங்களாம்மா? வலிச்சா நானே சொல்ல மாட்டனா?"

ஜில்லென்ற கை

பாகாலா, சித்தூர் எல்லாம் எப்போது தாண்டியது என்று தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நைனா கட்டிலில் படுத்திருந்தார். டாக்டரைக் கண்டதும் மரியாதைக்குச் சடாரென்று எழுந்து நின்றார். அந்த மெஸ்ஸில் ஆடிய அதே ஆட்டம். டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வாக்கிலேயே பிபி பார்த்தார், தொண்ணூற்றிரண்டு. படுக்கவைத்துப் பார்த்தார், நூற்று நாற்பத்தாறு. எழுந்தால் குழாயை இறுக்க வேண்டிய நரம்பு இறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இருந்தது, அதுவே அதிசயம். மிஷினைச் செருகி, நைனாவின் சட்டையைத் திறந்து, நெஞ்சில் கையை வைத்தேன். சூடான உள்ளங்கை வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? அன்று என் கை பனிக்கட்டி. யாருடைய இதயமும் தாவியிருக்கும். நைனாவின் இதயம் தாவவில்லை. பெற்ற மகள் நடுங்கிக்கொண்டு மேலே குனிந்திருக்கிறாள், ஊர் ஜனம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காகிதம் வெளியே வந்தது. பதினாறு சின்னக் கட்டம், பதினாறு சின்னக் கட்டம், பதினாறு. ஒன்று மட்டும் புதிது. ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் கோடு ஆழமாகக் குழி விழுந்திருந்தது. மாரடைப்பு வந்து நாலு நாளாகியிருக்கிறது. அதோடுதான் இருபது மூட்டை.

"வேலூர் ஆஸ்பத்திரி பக்கம்தானே, வண்டியில ஏத்து" என்றார் டாக்டர். நானும் பூத்துக்காரரும் நைனாவை உட்காரவிடாமல் அப்படியே தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். இன்னும் ரெண்டு நாள் மூட்டை தூக்கியிருந்தால் கொண்டுவந்து பயன் இருந்திருக்காது என்று வேலூரில் சொன்னார்கள். நைனா பிழைத்தார். மல்லாட்டையை இப்போது வேறு ஆள் ஏற்றுகிறார். காலையில் எழுந்ததும் நைனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முப்பது எண்ணிவிட்டுத்தான் நிற்கிறார். நமக்கெல்லாம் நரம்பு சும்மா செய்து கொடுக்கிற வேலையை அவர் தினமும் வாய்விட்டு எண்ணிச் செய்கிறார்.

ஆனால் என்னை இன்றைக்கும் தூக்கிப்போடுவது வேலூரில் கேட்டது இல்லை, கார் புறப்பட்டபோது கேட்டதுதான். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். என் நெற்றியிலிருந்து வேர்வை அவர் கன்னத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, என் கையைத் தேடிப் பிடித்து, என் உடம்புக்கு என்னவோ என்ற கவலையோடு கேட்டார்: "கையி ஜில்லுனு கீதேம்மா. எனக்கே ஒண்ணும் வலிக்கல, ஒனக்கு ஏன் இப்டி வேர்த்துக் கொட்டுது?"

அதனால் பட்டையைச் சுற்றும் முன்பே நெஞ்சு படபடத்து, உள்ளங்கை நனைந்து, வயிறு கலங்கி என் அறைக்குள் வருகிற உங்களை எல்லாம் பார்த்து இப்போது எனக்குக் கோபமே வருவதில்லை, அசையாமல் சிரித்தபடி படுத்திருக்கிறவரைப் பார்த்தால்தான் எனக்கு வேர்க்கிறது.